வலதுபக்கத்து ஆள் நான் இல்லை

என் தலையை வெட்டி இன்னொருவன் கழுத்தில் ஒட்டியது எங்கள் ஏரியா ஜிம் மாஸ்டர்தான். ஃப்ளெக்ஸ் கடைக்காரன் செய்த தப்பு, தனக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் சொல்லிக்கொண்டு திரிவதாகக் கேள்விப்பட்டேன். பொய். படத்தைக் கொடுத்தது அவர். ஒட்டச் சொன்னது அவர். கம்பத்தில் கயிறு கட்டும்போது கீழே நின்று "இன்னும் கொஞ்சம் மேல தூக்கு, பஸ்ல போறவனுக்குத் தெரிய வேணாமா" என்று கத்தியதும் அவர். பார்த்த ஆட்கள் இருக்கிறார்கள்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்புக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். வீடு பருத்திப்பட்டில், ஏரிக்குப் பக்கத்தில், லோன் போட்டு வாங்கிய ஃப்ளாட். எங்கள் குடும்பத்தில் தொப்பை வைத்த முதல் ஆள் நான்தான். அப்பா வேப்பம்பட்டுப் பக்கம் அடுத்தவர் வயலில் வேலை செய்தவர். அவருக்கு வயிறு முதுகோடு ஒட்டிக் கிடக்கும். சட்டையைக் கழற்றினால் வரி வரியாகத் தெரியும். அதை யாரும் சிக்ஸ் பேக் என்று சொல்லவில்லை. சோற்றுக்கு இல்லாதவன் என்றுதான் சொன்னார்கள். எனக்கு வேலை கிடைத்து, மூன்று வேளையும் சாப்பிட்டு, கேண்டீனில் நாலு மணி போண்டாவும் சேர்ந்து, சட்டைப் பொத்தான் இழுக்க ஆரம்பித்தபோது எங்கள் அம்மா தெருவெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். "எம் புள்ள இப்பதான் பாக்க ஆளா கீறான்" என்றாள். அப்போதெல்லாம் தொப்பை என்றால் சம்பளம் ஒழுங்காக வருகிறது என்று அர்த்தம். அதே தொப்பை இப்போது ஒழுக்கம் கெட்டவன், சோம்பேறி, மன உறுதி இல்லாதவன் என்று ஆகிவிட்டது. தொப்பை மாறவில்லை. பார்க்கிறவன் கண் மாறிவிட்டது.

கம்பெனியில் மருத்துவ முகாம் நடத்தினார்கள். சர்க்கரை வாசற்படியில் நிற்கிறது, உள்ளே வந்துவிடும், உடம்பை அசையுங்கள் என்றார் டாக்டர். அதனால் ஜிம்மில் சேர்ந்தேன்.

ஜிம் ஒரு பெயிண்ட் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. உள்ளே நான்கு சுவரும் கண்ணாடி. ஒரு தொப்பையோடு போனால் நான்கு தொப்பை தெரியும். அது தற்செயல் இல்லை, அதுதான் வியாபாரம். நுழைகிற இடத்தில் "சாக்குச் சொல்பவர்கள் வெளியே நிற்கவும்" என்று பெரிய ஸ்டிக்கர். ஏசி ஓடாது. ஏன் ஓடவில்லை என்று மாஸ்டரிடம் கேட்டால், "வேர்த்தாதான் ண்ணா கொழுப்பு கரையும்" என்பார். அவர் சொல்வது மட்டும் சாக்கு இல்லை.

முதல் நாளே சட்டையைக் கழற்றச் சொன்னார்.

"எதுக்குப்பா?"

"ஃபோட்டோ ண்ணா. பிஃபோர் ஃபோட்டோ. மூணு மாசம் கழிச்சு நீயே பாத்துட்டு ஷாக் ஆயிடுவே. மோட்டிவேஷன்."

நின்றேன். இயல்பாக நின்றால் அவருக்குப் போதவில்லை.

"வயித்த எக்காத ண்ணா. லூசா உடு. இன்னும் உடு. தோள தொங்கப் போடு. மூஞ்ச கொஞ்சம் சோகமா வெச்சிக்க. இன்னா ண்ணா, வெக்கப்படுறே?"

வெட்கம் இல்லை. பக்கத்தில் கல்லூரிப் பையன்கள் நாலு பேர் டம்பெல்லைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவர்கள் அங்கே டம்பெல்லைத் தூக்கியதைவிட கண்ணாடிக்கு எதிரே ஃபோனைத் தூக்கியதுதான் அதிகம். ஒருத்தன் பனியனைத் தூக்கி வயிற்றைப் படம் எடுப்பான், பார்ப்பான், முகம் சுருங்கும், மறுபடி எடுப்பான். நல்ல ஆரோக்கியமான பையன். உலகத்தில் எந்த டாக்டரும் அவனிடம் குறை சொல்ல மாட்டார். ஆனாலும் அந்த அறையில் என்னைவிட வருத்தமாக இருந்தவன் அவன்தான்.

நைட் ஷிஃப்ட் வந்தது, ஜிம் விட்டுப்போனது. இளைத்தேனா? இல்லை. தான் விற்கிற புரோட்டீன் பவுடர் டப்பாவை வாங்காததால்தான் இளைக்கவில்லை என்றார் மாஸ்டர்.

அதன் பிறகு என் மகள்தான் என்னை ஏரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் பிளஸ் ஒன் படிக்கிறாள். பள்ளிக் கபடி டீமில் கார்னர். எதிராளி பாடிக்கொண்டு உள்ளே வந்தால் ஓரத்திலிருந்து பாய்ந்து காலைப் பிடிக்கிற இடம். என் உடம்புவாகு அவளுக்கு. அகலத் தோள், கனத்த தொடை. அவள் கணுக்காலைப் பிடித்தால் பிடித்ததுதான். காலையில் நான் ஒரு சுற்று நடப்பதற்குள் அவள் ஓடி வந்து என்னைத் தாண்டுவாள்.

"இன்னாப்பா, வாட்டர் லாரி மாதிரி வர்ற. ஸ்பீடா வா."

"லாரிக்கு மரியாதை குடு. முன்னாடி போ."

ஏரிக்கரையில் நடக்கிற கூட்டத்தைப் பற்றித் தனியாக எழுதலாம். எங்கள் அடுக்குமாடியில் பாதிப்பேர் ஐடி வேலைக்காரர்கள். யார் எவ்வளவு அடி நடந்தார்கள் என்று தினமும் வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். முதலிடம் பிடிப்பவருக்குக் கைதட்டும் பொம்மைகள் குவியும். ஒருவர் அடி எண்ணுகிற வாட்சை மகன் கையில் கட்டி கிரிக்கெட் விளையாட அனுப்பிவிட்டு, அந்தக் கணக்கைத் தன் பெயரில் போட்டார். இன்னும் சிலர் அருகம்புல் ஜூஸ் குடித்து முகத்தைச் சுளித்துவிட்டு, அந்தக் கசப்பு போக எதிர்க்கடையில் வடை சாப்பிடுவார்கள். நானும் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் வாட்சில் பொய் எழுதவில்லை.

கொஞ்ச நாளில் ஒன்று நடந்தது. ஆவடி ஸ்டேஷன் மேம்பாலப் படியில் நடுவில் நின்று, ஃபோன் பார்ப்பதுபோல் மூச்சு வாங்குவேன். அது நின்றது. ஷூ கயிறு கட்டக் குனிந்தால் கண் இருட்டும். அதுவும் நின்றது. தொப்பை அப்படியேதான் இருந்தது. மூச்சு வந்துவிட்டது. இதற்கு எவனும் பேனர் வைக்க மாட்டான், ஏனென்றால் மூச்சைப் படம் எடுக்க முடியாது.

அப்போதுதான் ஜிம்முக்கு ஆண்டுவிழா வந்தது. ஏரிக்குத் திரும்புகிற முனையில், ஒரு கண்ணீர் அஞ்சலி பேனருக்கும் ஒரு மஞ்சள் நீராட்டு விழா பேனருக்கும் நடுவில், ரோட்டைப் பார்த்து என்னை நிற்க வைத்தார்கள். இடதுபக்கம் "பிஃபோர்" என்று சிவப்பில். சட்டை இல்லாமல், சோகமாக, தொங்கிப்போய் நான். வலதுபக்கம் "ஆஃப்டர்" என்று பச்சையில். அங்கேயும் நான்தான், கழுத்து வரைக்கும். கழுத்துக்குக் கீழே செதுக்கிவைத்த மாதிரி ஒருத்தன். என் முகம் கறுப்பு, அவன் உடம்பு சிவப்பு. இளைத்ததோடு நிறமும் மாறிவிட்டேன். கீழே "மூன்றே மாதத்தில்! அடுத்தது நீங்கள்!" என்று எழுத்து. நடுவில் மாஸ்டர் கைகட்டிக்கொண்டு நிற்கிறார். பக்கத்து பேனரில் செத்துப்போன பெரியவர் என் இடதுபக்கத்தைவிட உற்சாகமாக இருந்தார்.

என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"ஏங்க, குடல்வால் ஆபரேஷன் தழும்பு எங்க போச்சு? மாஸ்டர் அதையும் கரைச்சிட்டாரா?"

அன்று நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு மறுநாள் ரயில் வரைக்கும்தான் வந்தது.

என்னோடு தினமும் பட்டரவாக்கத்துக்கு வருகிற பட்டாபிராம் நண்பன் ஒருவன் இருக்கிறான். பக்கத்துக் கம்பெனியில் வெல்டர். நான் ஆவடியில் ஏறியதும் என் வயிற்றைப் பார்த்தான்.

"இன்னா நைனா, பேனர்ல பாத்தேன். செமயா இருந்தே. இன்னாத்துக்கு மறுபடியும் ஏத்திகினே?"

"டேய், அது நான் இல்ல."

"மூஞ்சி உன்துதானே?"

"மூஞ்சி மட்டும்தான் என்து."

"அப்ப உடம்பு யார்து?"

"எனக்கு எப்டிடா தெரியும்?"

"உடு மாமே. எறங்கறதும் ஏர்றதும் சகஜம். அதுக்குன்னு இல்லவே இல்லன்றியே."

பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாதவர் ஒருவர் என் தோளைத் தட்டி, "திரும்ப ஆரம்பிங்க சார், முடியும்" என்றார்.

இதுதான் எங்கள் ஊர். எதிரே இருக்கிற ஆளைத் தொட்டுப் பார்க்கலாம், கேட்கலாம். ஆனால் நம்புவது ஃப்ளெக்ஸைத்தான். ஒரு வயசுக் குழந்தைக்குக் கிரீடம் வைத்து சிங்கத்தின் மேல் உட்கார வைத்தாலும் யாரும் கேள்வி கேட்பதில்லை. பத்தடி உயரத்தில் அடித்துக் கட்டிவிட்டால் அது நடந்த கதை. நான் ஒரு காலத்தில் மெலிந்து, சிவந்து, கல் மாதிரி இருந்தேன். பிறகு தின்று கெடுத்துக்கொண்டேன். இது என்னைத் தவிர எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. கேண்டீன்காரர் போண்டா தட்டை என் பக்கமிருந்து நகர்த்தி வைத்தார். "வேணாம் சார், கஷ்டப்பட்டு கொறச்ச உடம்பு" என்றார்.

எங்கள் அடுக்குமாடிச் சங்கச் செயலாளர் கோயமுத்தூர்க்காரர், நல்ல மனுஷன். வீட்டுக்கு வந்தார்.

"சார், நம்ம ஸ்போர்ட்ஸ் டேல நீங்க பேசோணுங்க. பேனர் பார்த்தேனுங்க. எல்லாருக்கும் ஒரு மோட்டிவேஷனா இருக்குமுங்க."

"அது ஒட்டின படம் சார். என்னைப் பாருங்க. இளைச்ச மாதிரியா இருக்கேன்?"

அவர் பார்த்தார். முகத்தில் இரக்கம் வந்தது.

"அதைத்தானுங்க பேசோணும். விட்டது எப்படி, மறுபடி எந்திரிக்கிறது எப்படி. அதுதானுங்க இன்னும் நல்ல தலைப்பு."

எனக்குப் பொறுமை போனது. சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினேன். "இது பேனர்ல இருக்கா? போய்ப் பாருங்க."

"இப்பெல்லாம் லேசர்ல எடுத்தர்றாங்களேங்க" என்றார்.

எடுத்த தழும்பு திரும்ப எப்படி முளைத்தது என்று அவர் யோசிக்கவில்லை. ஊக்கம் கொடுக்க வந்தவர்களிடம் உண்மையைச் சொன்னால் அதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நெகட்டிவ்.

இதுவரைக்கும் கேலிதான். நான் தாங்கிக்கொள்வேன். ஷிஃப்டில் நாற்பது பேரை மேய்க்கிறவனுக்கு இதெல்லாம் ஒன்றுமில்லை.

ஆனால் என் மகள் காலையில் ஏரிக்கு வருவதை நிறுத்தினாள். கால் வலி என்றாள். பிறகு பரீட்சை என்றாள். ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் ஸ்கூலிலேயே சாப்பிட்டேன் என்றாள். எலுமிச்சம்பழம் பிழிந்த வெந்நீரைக் குடித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பாட்டு டப்பா சுத்தமாகக் கழுவி வந்தது. என் மனைவி அதில் சந்தோஷப்பட்டாள். அதிலிருந்த சோறு பள்ளிக்கூட நாய்க்குப் போனது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

பி.டி. மிஸ் கூப்பிட்டார்கள். பயிற்சியில் மயங்கி விழுந்துவிட்டாள், வாருங்கள் என்று. போனால் மரத்தடியில் உட்கார்ந்து குளுக்கோஸ் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. பக்கத்திலேயே இருந்தும் அன்றுதான் கவனித்தேன்.

"பொண்ணு வீட்ல சாப்பிடுதா சார்?" என்று மிஸ் நேராகக் கேட்டார்கள். "இது புடிச்சா பெரிய ஸ்கூல் பசங்களே நகர மாட்டாங்க. இப்ப சின்னப் பொண்ணு கூட இழுத்துட்டுப் போகுது. அடுத்த மாசம் மாவட்ட செலக்‌ஷன். இப்படியே இருந்தா நான் பேர் குடுக்க முடியாது."

வீட்டுக்கு வந்து, அம்மா அழுத பிறகுதான் பேசினாள்.

"ஸ்கூல்ல எனக்கு இன்னா பேர் தெரியுமா உங்களுக்கு? பிஃபோர்."

எனக்குப் புரியவில்லை.

"நான் உன்ன மாதிரியே இருக்கேன்ல. நீ பேனர்ல லெஃப்ட்ல நிக்கிறல்ல. அதான். கோர்ட்ல எறங்கனா சுத்தி நின்னு 'பிஃபோர், பிஃபோர்'னு கத்துறாங்க. எங்க டீம் பசங்களே சிரிக்கிறாங்க."

"அது ஒட்டின படம்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். 'உங்கப்பா ஒழுங்கா கன்டினியூ பண்ல, அத மறைக்கிறே'ன்றாங்க. நாங்க எவ்ளோ எளைச்சாலும் திரும்ப குண்டாயிடுவோமாம். ஃபேமிலி வியாதியாம். அதான் எளைச்சு காட்லாம்னு பாத்தேன்."

யாருக்குக் காட்ட? வேறெவனோ ஒருத்தனின் உடம்பை என் கழுத்துக்குக் கீழே பார்த்து, அதற்கு ஈடு கொடுக்க என் மகள் பட்டினி கிடந்திருக்கிறாள். கபடியில் அவளுக்கு இடம் வாங்கிக் கொடுத்ததே அந்த உடம்புதான். அதைத்தான் அவள் கரைக்கப் பார்த்தாள்.

அன்று மாலையே ஜிம்முக்குப் போனேன். மாஸ்டர் ஒரு பையனுக்குப் பவுடர் டப்பா விற்றுக்கொண்டிருந்தார்.

"வா ண்ணா! பேனர் பாத்தியா? தூள் கெளப்பிடுச்சு."

"வலதுபக்கம் இருக்கிறது யாரு?"

"எது?"

"என் தலைக்குக் கீழ இருக்கிறவன்."

"அதுவா? தெர்ல ண்ணா. ஃப்ளெக்ஸ் கடைல கம்ப்யூட்டர்ல கீது. அவன் நெறய பாடி வெச்சிகினு கீறான். சூஸ் பண்ணிக்க வேண்டியதுதான்."

"அந்த ஆளு உன் ஜிம்முக்கு வந்திருக்கானா?"

"அவன் எந்த ஊர்க்காரனோ, இன்னாவோ."

ஆக, இடதுபக்கத்து ஆள் இந்த ஜிம்முக்கு வந்தும் இளைக்கவில்லை. வலதுபக்கத்து ஆள் இப்படி ஒரு ஜிம் இருப்பதே தெரியாமல் உடம்பு ஏற்றியிருக்கிறான். இரண்டு பேருக்கும் நடுவில் கைகட்டி நிற்கிறவர் மாஸ்டர். இதைப் பார்த்துத்தான் பையன்கள் வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள்.

"என்னைக் கேட்டியா?" என்றேன்.

"நல்லதுக்குத்தானே ண்ணா. உன்ன பாத்து எவ்ளோ பேர் வந்து சேர்றான் தெரியுமா? உனுக்கே பெருமதானே."

என் மகள் விழுந்ததைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். மனுஷனுக்கு உறைத்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு நிமிர்ந்தார்.

"பாப்பாவ இங்க அனுப்பு ண்ணா. லேடீஸ் பேட்ச் கீது. ஃபீஸ் வேணாம். மூணே மாசம், ஒல்லியாக்கி குடுத்துட்றேன். பட்டினிலாம் தப்பு, புரோட்டீன் எடுக்கணும்."

நான் கையை ஓங்கவில்லை. ஏன் ஓங்கவில்லை என்று இன்றுவரை எனக்கே ஆச்சரியம். பேனரை இறக்கு என்று மட்டும் சொன்னேன். சரி என்றார். இறக்கவும் செய்தார். இரண்டு வாரம் கழித்து ரயிலில் நண்பன் ஃபோனை நீட்டினான். பட்டாபிராமில் ஜிம்முக்குப் புதுக் கிளை திறக்கிறார்கள். மார்க்கெட் முனையில் முன்பு இருந்ததைப்போல் இரண்டு மடங்கு பெரிய பேனர். அதே இடது, அதே வலது. இந்த முறை என் முகத்தையும் கொஞ்சம் வெளுத்துவிட்டிருந்தார்கள், கழுத்தோடு பொருந்த வேண்டும் என்று.

அங்கே போய் அதைக் கிழித்துப் போடுகிறேன் என்று வீட்டில் கத்தினேன். என் மகள் தோசைத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து, பாதியைத் தின்று, மீதியை விரலால் பிய்த்துக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் அவ்வளவுதான் இறங்குகிறது.

"கிழிச்சா, பேனர்ல இருந்த மாதிரி ஆவ முடியலன்ற கோவத்துல கிழிச்சான்னு சொல்வாங்க" என்றாள். "நீ சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான்பா. நான் சொன்னாலும் நம்ப மாட்டாங்க. மாஸ்டர் சொன்னாதான் நம்புவாங்க."

அவள் சொன்னது சரி. அதனால் இனி உங்களிடமே பேசுகிறேன், மாஸ்டர்.

செலக்‌ஷனுக்கு இன்னும் நாள் இருக்கிறது. என் மகள் அந்தக் கோட்டுக்குள் இறங்குவாளா மாட்டாளா என்பது, முழுத் தோசையைத் தின்பாளா மாட்டாளா என்பதில் இருக்கிறது. உங்கள் கிளைத் திறப்புக்கு மைக் கட்டுவீர்கள், ஊரைக் கூப்பிடுவீர்கள். அவளுடைய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் வருவார்கள். அந்த மைக்கில், அந்தக் கூட்டத்துக்கு முன்னால் பதில் சொல்லுங்கள். அந்த உடம்பு யாருடையது? அது என்னுடையதாக என்றைக்காவது இருந்ததா? என் படத்தைப் போட என்னிடம் கேட்டீர்களா? என் காதில் வந்து சொல்ல வேண்டாம், ஃபோனில் மன்னிப்பு அனுப்ப வேண்டாம். சத்தமாகச் சொல்லுங்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.